எலியும் கேமராவும் ஒரு பந்தும்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 'ஃபென்வே பார்க்' என்று ஒரு பேஸ்பால் மைதானம் இருக்கிறது. 1912-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மிகப் பழைய மைதானம். அதன் இடது ஓரத்தில் 37 அடி உயரத்துக்கு, பச்சை வண்ணம் பூசிய ஒரு சுவர் நிற்கும். 'பச்சைப் பூதம்' என்பது அதன் செல்லப் பெயர். சுவரின் அடிப்பகுதியில் ஸ்கோர் பலகை. பலகைக்குப் பின்னால் குறுகலான ஓர் அறை. அதற்குள் நின்றுகொண்டு ஆட்கள் எண் தகடுகளைக் கையால் மாற்றுவார்கள். இன்றைக்கும் அப்படித்தான்!

1975 அக்டோபரில் ஒரு நாள் அந்த அறைக்குள் தொலைக்காட்சி கேமரா ஒன்றும் இருந்தது. வெளியே பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கும் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கும் கோப்பைக்கான இறுதித் தொடர். ஆறாவது ஆட்டம். இரவு 12 மணி தாண்டிவிட்டது. இரண்டு அணிகளும் சமமாக நின்றன. அப்போது பாஸ்டனின் கார்ல்டன் ஃபிஸ்க் ஓங்கி ஓர் அடி அடித்தார். பந்து வானத்தில் எழும்பி, இடது எல்லையில் நட்டிருக்கும் கம்பத்தை நோக்கிப் பறந்தது. கம்பத்தில் பட்டாலோ, அதற்கு உள்பக்கம் போனாலோ வெற்றி. வெளிப்பக்கம் போனால் அந்த அடி செல்லாது.

கேமராக்காரர் என்ன செய்ய வேண்டும்? பறக்கும் பந்தின் பின்னாலேயே கேமராவைத் திருப்ப வேண்டும். அதுதான் அந்நாளைய வழக்கம். ஆனால் லூ ஜெரார்ட் என்ற அந்தக் கேமராக்காரர் திருப்பவில்லை. ஏன் தெரியுமா? அவர் பக்கத்தில் ஒரு பெரிய எலி வந்து நின்றதாம்! அசைந்தால் கடித்துவிடுமோ என்று பயந்து, கேமராவை ஃபிஸ்க் மீதே வைத்திருந்தாராம். பிற்பாடு தொலைக்காட்சிக் குழுவினர் சொன்ன கதை இது. எலியைக் கொஞ்சம் கொழுக்க வைத்துச் சொன்னார்களோ என்னவோ, படம் மட்டும் பொய்யில்லை.

அந்தப் படத்தில் ஃபிஸ்க் துள்ளித் துள்ளிக் குதிக்கிறார். இரண்டு கைகளாலும் பந்தை 'உள்ளே போ, உள்ளே போ' என்று தள்ளுவது போலச் சைகை செய்கிறார். பந்து கம்பத்தில் பட்டதும் கைகளை உயர்த்திக்கொண்டு குழந்தை போல ஓடுகிறார். அடுத்த ஆட்டத்தில் பாஸ்டன் தோற்றுக் கோப்பையைக் கோட்டை விட்டது வேறு விஷயம். பறக்கும் பந்தைவிட, அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதரின் முகம் சுவையானது என்று தொலைக்காட்சிக்காரர்களுக்கு அன்று உறைத்தது. அதன்பின் முக்கியமான ஆட்டங்களில் முகங்களைக் காட்டுவதற்கென்றே கேமராக்கள் வந்தன.

வென்றவரின் முகத்தைக் காட்டினால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. தோற்றவரின் முகத்தையும் அதே கேமராதானே காட்டும்?

கடிகாரம் இல்லாத ஆட்டம்

குழந்தைகளே, மேலே போவதற்கு முன் பேஸ்பால் ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

சீட்டுக்கட்டில் இருக்கும் டைமண்ட் வடிவத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளிலும் நான்கு 'பேஸ்'கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 90 அடி. கீழ் மூலையில் மட்டையுடன் ஒருவர் நிற்பார். அவருக்கு நேர் எதிரே 60 அடி 6 அங்குலத் தொலைவில் பந்து எறிபவர். அவர் பெயர் 'பிட்சர்'. பந்தைத் தரையில் குத்தவிடாமல் நேராக எறிவார். மட்டைக்காரருக்குப் பின்னால் நம் விக்கெட் கீப்பர் மாதிரி குந்தியிருப்பவர் 'கேட்சர்'. பந்தை அடித்தவர் முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று சுற்றி, புறப்பட்ட மூலைக்கே திரும்பி வந்து சேர்ந்தால் ஒரு ரன். ஆமாம், அவ்வளவு ஓடினாலும் ஒரே ஒரு ரன்தான்! ஒரே ஓட்டமாக ஓட வேண்டும் என்பதில்லை. முதல் பேஸில் நின்றுகொண்டு, அடுத்து வருபவர் அடிக்கும்போது மேலே நகரலாம்.

அடிக்கக்கூடிய நல்ல பந்தை விட்டாலோ, மட்டையை வீசிப் பந்து படாமல் போனாலோ அது 'ஸ்டிரைக்'. மூன்று ஸ்டிரைக் ஆனால் அவுட். மூன்று அவுட் ஆனால் எதிரணியின் முறை. இப்படி ஒவ்வோர் அணிக்கும் 9 இன்னிங்ஸ். அதாவது 27 அவுட். ஒன்பது முடிந்தும் சமமாக இருந்தால் 10, 11 என்று ஆட்டம் நீளும்.

மொத்தம் 30 அணிகள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். அதில் முன்னணியில் வரும் அணிகள் அக்டோபரில் 'பிளே ஆஃப்' ஆடும். ஐ.பி.எல். பார்க்கும் உங்களுக்கு அந்தச் சொல் புதிதில்லை. கடைசியாக மிஞ்சும் இரண்டு அணிகளுக்கும் இடையே நடப்பது 'உலகத் தொடர்'. ஏழு ஆட்டங்கள். முதலில் நான்கில் வெல்பவருக்குக் கோப்பை. (பெயர்தான் உலகத் தொடர்! ஆடுவது அமெரிக்க அணிகள் 29, கனடா அணி ஒன்று. அவ்வளவுதான் அவர்கள் உலகம்.)

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. கபடியில் ஐந்து புள்ளி முன்னால் இருக்கும் அணி, கடைசி நிமிடத்தில் ரெய்டுக்குப் போய் யாரையும் தொடாமல் நேரத்தைக் கடத்திவிட்டுத் திரும்பலாம். கால்பந்தில் பந்தை மூலையில் வைத்துக்கொண்டு விளையாட்டுக் காட்டலாம். பேஸ்பாலில் அந்தப் பாச்சா பலிக்காது! பத்து ரன் முன்னால் இருந்தாலும் சரி, எதிரணியின் கடைசி ஆள் அவுட் ஆகும் வரை அவர்களுக்கு நல்ல பந்து போட்டே ஆக வேண்டும். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே வீணாக நேரம் போகிறதென்று 2023-ஆம் ஆண்டு ஒரு கடிகாரம் வைத்தார்கள். ஆனால் அது பிட்சரை விரட்டும் கடிகாரம். ஆட்டத்தை முடித்துவைக்கும் கடிகாரம் இன்றும் கிடையாது. ஜெயிக்கிற அணி கடைசிப் படியையும் தானே ஏறித்தான் ஆக வேண்டும். கால் நடுங்குவது அங்கேதான்.

இன்னொன்றும் உண்டு. பந்து வீசி அடித்து முடிய சில நொடிகள்தான் ஆகும். மீதி நேரமெல்லாம் பிட்சர் மூச்சு வாங்குவார், மட்டைக்காரர் கையுறையை இழுத்துவிட்டுக்கொள்வார். அந்த இடைவெளியைத் தொலைக்காட்சி எதைக் கொண்டு நிரப்பும்? முகங்களைக் கொண்டுதான்! நகம் கடிக்கும் ரசிகர், கண்ணை மூடி வேண்டிக்கொள்ளும் பாட்டி, வியர்வை வழியும் பிட்சர்.

இன்னும் ஒரே ஒரு ஸ்டிரைக்!

இனி 1986-க்கு வருவோம். அக்டோபர் 25, சனிக்கிழமை இரவு. நியூயார்க்கின் ஷே மைதானம். உலகத் தொடரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் மூன்று ஆட்டங்களும், நியூயார்க் மெட்ஸ் இரண்டு ஆட்டங்களும் வென்றிருந்தன. அன்று வென்றால் கோப்பை பாஸ்டனுக்கு. அவர்கள் கடைசியாகக் கோப்பையைத் தொட்டது 1918-ல். 68 ஆண்டுக் காத்திருப்பு!

ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 3-3. பத்தாவது இன்னிங்ஸில் பாஸ்டன் இரண்டு ரன் எடுத்தது. 5-3. மெட்ஸ் ஆட வந்தது. முதல் ஆள் அவுட். இரண்டாவது ஆளும் அவுட். இன்னும் ஓர் அவுட் போதும்.

மைதானத்து மின் பலகையில் பாஸ்டன் அணிக்கு வாழ்த்துச் செய்தி ஒரு கணம் மின்னி மறைந்தது. தொலைக்காட்சியில் பாஸ்டனின் மார்ட்டி பாரட்டை ஆட்ட நாயகன் என்று அறிவித்துவிட்டார்கள். பாஸ்டன் வீரர்கள் உடை மாற்றும் அறையில் ஷாம்பெயின் பாட்டில்கள் தயார். அது தெறித்து வீரர்களின் துணிமணி நனையாமல் இருக்க அலமாரிகளின் மேல் பிளாஸ்டிக் விரிப்புகளைத் தொங்கவிட்டாயிற்று. கோப்பையும் அங்கே வந்துவிட்டது. தொலைக்காட்சி நிருபர் பாப் காஸ்டஸ் மைக்கும் கையுமாகக் காத்திருந்தார்.

இரண்டாவதாக அவுட் ஆன மெட்ஸ் வீரர் கீத் ஹெர்னாண்டஸ், எதிரணி கொண்டாடுவதைப் பார்க்கப் பிடிக்காமல் உள்ளே போய், தங்கள் மேலாளரின் அறையில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிட்டார். அந்தத் திரையில் அவர் பார்த்தது இதுதான்:

கேரி கார்ட்டர் ஒரு பந்தை அடித்து முதல் பேஸை அடைந்தார். கெவின் மிட்செல் வந்தார், அவரும் அடித்தார். மூன்றாவதாக ரே நைட். அவருக்கு இரண்டு ஸ்டிரைக் ஆகிவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று! ஒரே ஒரு பந்து! நைட் அதை லேசாகத் தட்டிவிட, கார்ட்டர் ஓடி வந்து ஒரு ரன். 5-4. ஹெர்னாண்டஸ் நாற்காலியை விட்டு எழவே இல்லை. ராசியான நாற்காலி, எழுந்தால் ராசி போய்விடும் என்று உட்கார்ந்தே இருந்தாராம். அமெரிக்காவிலும் இதெல்லாம் உண்டு!

பாஸ்டன் பிட்சரை மாற்றியது. புதிதாக வந்தவர் பாப் ஸ்டான்லி. எதிரே மூக்கி வில்சன். வில்சன் லேசில் அவுட் ஆகவில்லை. பந்துகளை ஓரமாகத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டே இருந்தார். ஏழாவது பந்து குறி தவறி வில்சனின் காலை நோக்கி வந்தது. அவர் துள்ளி விலக, கேட்சரின் கைக்கும் சிக்காமல் பந்து பின்னால் உருண்டு ஓடியது. மூன்றாம் பேஸில் நின்ற மிட்செல் ஓடி வந்து சேர்ந்தார். 5-5. நைட் இரண்டாம் பேஸுக்கு முன்னேறினார். இந்த இடத்தை நன்றாக நினைவில் வையுங்கள்: ஆட்டம் இப்போதே சமமாகிவிட்டது.

உள்ளே அறையில் ஒரே களேபரம்! பிளாஸ்டிக் விரிப்புகளை அவசர அவசரமாகக் கிழித்து எடுத்தார்கள். ஷாம்பெயினும் கோப்பையும் வெளியே போயின. காஸ்டஸ் குழுவினரும் மூட்டை கட்டினார்கள்.

பத்தாவது பந்து. வில்சன் அடித்தது முதல் பேஸை நோக்கி மெதுவாக உருண்டு போனது. அங்கே நின்றவர் பில் பக்னர். 36 வயது, இரண்டு கணுக்கால்களிலும் ஓயாத வலி. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பாஸ்டன் முன்னால் இருந்தால், பல நாட்களில் அவரை உட்கார வைத்துவிட்டு வேறொருவரை நிறுத்துவார் மேலாளர். அன்று நிறுத்தவில்லை. பக்னர் குனிந்தார். பந்து அவர் கையுறைக்கு அடியில், இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து போய்விட்டது. நைட் தலையில் கையை வைத்துக்கொண்டு குதித்தபடி ஓடி வந்தார். 6-5. மெட்ஸ் வென்றது.

வர்ணனையாளர் வின் ஸ்கல்லி அப்போது செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். மூன்று நிமிடத்துக்கும் மேலாக அவர் வாயே திறக்கவில்லை! படங்கள் தாமாகப் பேசட்டும் என்று விட்டுவிட்டார். நம் வர்ணனையாளர்கள் சிலருக்கு இதை யாராவது சொன்னால் தேவலை. அந்த மௌனத்தில் கேமரா மாறி மாறிக் காட்டியது: ஆனந்தத்தில் துள்ளும் நியூயார்க் வீரர்கள், கல்லாய்ச் சமைந்த பாஸ்டன் வீரர்கள், மறுபடி மறுபடி அந்தப் பந்து.

தொடர் அத்துடன் முடிந்துவிடவில்லை என்பது பலருக்கு மறந்தே போயிற்று. இன்னும் ஓர் ஆட்டம் மிச்சம் இருந்தது. மழையால் ஒரு நாள் தள்ளி 27-ஆம் தேதி நடந்தது. அதில் பாஸ்டன் 3-0 என்று முன்னால் இருந்தது. அப்புறம் 8-5 என்று தோற்றது. கோப்பை கைவிட்டுப் போனது அன்றைக்குத்தான்.

பென்சில் எழுதிய கணக்கு

பேஸ்பால் ரசிகர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. மைதானத்துக்குப் போகும்போது கட்டம் போட்ட ஓர் அட்டையும் பென்சிலும் கொண்டுபோவார்கள். ஒவ்வொரு மட்டைக்காரருக்கும் ஒரு கட்டம். என்ன நடந்தது என்பதைக் குறியீடாக எழுதுவார்கள். ஆடுபவர்களுக்கு எண்கள் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸில் நிற்பவர் 3. பந்தைத் தவறவிட்டால், பிழையைக் குறிக்கும் 'இ' என்ற எழுத்தைப் போட்டு, பக்கத்தில் எண். இந்தக் கணக்கு முறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் போய் முதலில் கிரிக்கெட் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தவர்.

1986 அக்டோபர் 25-ஆம் தேதி அட்டையில் பக்னரின் தவறு எப்படி இருக்கும்? ஒரு சின்னக் கட்டத்துக்குள் 'இ-3'. முடிந்தது. அதே அட்டையில், அதே அளவுக் கட்டங்களில் கார்ட்டர் அடித்தது இருக்கும், மிட்செல் அடித்தது இருக்கும், இரண்டு ஸ்டிரைக் ஆன பிறகு நைட் அடித்தது இருக்கும், குறி தவறிய ஏழாவது பந்து இருக்கும். பக்னர் அந்தப் பந்தைப் பிடித்தே இருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? அதிகம் போனால் பதினோராவது இன்னிங்ஸ் தொடங்கியிருக்கும். அதில் யார் வென்றிருப்பார் என்று யாரால் சொல்ல முடியும்?

பென்சிலுக்கு எல்லாப் பந்தும் ஒரே அளவு. தொலைக்காட்சிக்கு அப்படியில்லை. அதற்குச் சில நொடிகளில் சொல்லி முடிக்கிற கதை வேண்டும். நான்கு பேர் செய்த தவறுகளையும், மேலாளர் எடுக்காமல் விட்ட முடிவையும், அடுத்த ஆட்டத்தையும் சில நொடிகளில் காட்ட முடியுமா? கால்களுக்கு நடுவே ஓடும் பந்தைக் காட்ட முடியும். காட்டினார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆண்டுக்கணக்கில்!

பக்னர் சாதாரண ஆட்டக்காரர் இல்லை. 1969 முதல் 1990 வரை பெரிய ஆட்டங்களில் ஆடியவர். மட்டையால் அடித்து பேஸை அடைந்தது மட்டும் 2,715 முறை. அந்த எண்ணைப் பெரும்பாலோருக்குத் தெரியாது. 1990-ல் அவர் மீண்டும் பாஸ்டன் அணிக்கு வந்தபோது, மைதானத்தில் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆனாலும் ஒவ்வோர் அக்டோபரிலும் அந்தப் படம் திரும்பி வந்தது. கேலி நிற்கவில்லை. கடைசியில் அவர் குடும்பத்துடன் தொலைதூரத்து ஐடஹோ மாநிலத்துக்குக் குடிபோய்விட்டார்.

பந்தைத் தொட்ட ரசிகர்

ஆட்டக்காரருக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்காதீர்கள். 2003-ல் சிகாகோவில் நடந்ததைக் கேளுங்கள்.

சிகாகோ கப்ஸ் அணி 1908-க்குப் பிறகு கோப்பையை வென்றதில்லை. 1945-க்குப் பிறகு உலகத் தொடருக்கே போனதில்லை. 1945-ல் ஒருவர் தன் ஆட்டுடன் ஆட்டம் பார்க்க வந்தாராம், ஆட்டை வெளியே அனுப்பியதால் சபித்துவிட்டாராம். சாபமாவது மண்ணாவது! ஆனால் தொலைக்காட்சிக்கு அந்த ஆட்டுக் கதை ரொம்பப் பிடிக்கும்.

2003 அக்டோபர் 14. உலகத் தொடருக்குப் போக கப்ஸ் அணிக்கு ஒரு வெற்றி போதும். எட்டாவது இன்னிங்ஸில் ஃபுளோரிடா மார்லின்ஸ் அணியைவிட 3-0 என்று முன்னால் இருக்கிறார்கள். இன்னும் ஐந்தே அவுட். மார்லின்ஸ் வீரர் அடித்த ஒரு பந்து பார்வையாளர் வரிசையின் ஓரமாக இறங்கியது. கப்ஸ் வீரர் மோய்சஸ் அலூ சுவர் மேல் எம்பினார். மேலே உட்கார்ந்திருந்த ரசிகர்கள் பலரும், நீங்களும் நானும் செய்வதைப் போலவே, கையை நீட்டினார்கள். அதில் ஒருவருடைய கை பந்தில் பட்டது. அலூவால் பிடிக்க முடியவில்லை.

அப்போது அந்த மைதானத்தில் காட்சியைத் திரும்பக் காட்டும் பெரிய திரை கிடையாது. அங்கே இருந்தவர்களில் பலருக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. வீட்டில் இருந்தவர்களோ தொலைக்காட்சியில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டார்கள். காதில் வானொலி மாட்டியிருந்தவர்கள் வழியாகவும், வெளியே சிறிய தொலைக்காட்சிப் பெட்டியுடன் நின்ற கூட்டத்தின் வழியாகவும் சேதி உள்ளே பரவியது. மைதானமே அந்த ஒருவரைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தது.

ஆனால் அந்த ரசிகர் பந்து வீசினாரா? அடுத்த சில நிமிடங்களில் கப்ஸ் பிட்சர் ஒருவரைச் சும்மா பேஸுக்கு நடக்கவிட்டார். அலெக்ஸ் கொன்சாலஸ் என்ற நல்ல ஃபீல்டர், இரண்டு பேரை அவுட்டாக்கியிருக்கக்கூடிய எளிய பந்தைக் கைநழுவவிட்டார். அடி மேல் அடி விழுந்தது. அந்த ஒரு இன்னிங்ஸில் மார்லின்ஸ் எடுத்தது எட்டு ரன்! மறுநாள் கடைசி ஆட்டத்திலும் கப்ஸ் முன்னிலை பெற்று, பிறகு 9-6 என்று தோற்றது.

அந்த ரசிகரை மைதானத்திலிருந்து காவலர்கள்தான் பத்திரமாக வெளியே அழைத்துப் போனார்கள். வீட்டுக்குப் போலீஸ் காவல் போட வேண்டியிருந்தது. அவர் பெயர் அமெரிக்கா முழுக்கத் தெரியும். நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் தாம் செய்ததற்காக ஓர் அறிக்கையில் மனமுருகி மன்னிப்புக் கேட்டார். அதை வைத்துப் பணம் சம்பாதிக்க வாய்ப்புகள் வந்தும் ஒதுங்கியே வாழ்ந்தார். 2016-ல் கப்ஸ் அணி ஒருவழியாக உலகத் தொடரை வென்றது. வெற்றி பெற்ற வீரர்களுக்குப் பெரிய மோதிரம் அணிவிப்பது அங்கே வழக்கம். 2017-ல் அணி நிர்வாகம் அந்த ரசிகரையும் கூப்பிட்டு ஒரு மோதிரம் கொடுத்தது.

கை மறந்துபோவது ஏன்?

தேர்ந்த வீரர்கள் இப்படித் தடுமாறுவது ஏன்? வகுப்பறையில் நின்றவர்களுக்கு இது புதிரே இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதினாறாம் வாய்ப்பாடு சொல்கிற பையன், பள்ளி ஆய்வாளர் வந்து நிற்கும்போது 'பதினாறு ஏழு' என்று விழிப்பான். தெரியாமல் அல்ல. தானாக வருவதை, தப்பாகிவிடுமோ என்று எண்ணி எண்ணிச் சொல்லப் பார்ப்பான். மாடிப்படியில் மடமடவென்று இறங்கும்போது 'இப்போது எந்தக் கால்?' என்று யோசித்துப் பாருங்கள். தடுக்கும்! கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்து ஆராய்ச்சியாளர்கள் சோதித்திருக்கிறார்கள். பழகிய ஆட்டக்காரர்களிடம் 'உங்கள் கை அசைவைக் கவனித்துக்கொண்டே அடியுங்கள்' என்று சொன்னால் அவர்கள் ஆட்டம் கெடுகிறது. புதிதாகக் கற்பவர்களுக்கோ அப்படிக் கவனிப்பது உதவுகிறது.

2000 அக்டோபர் 3-ஆம் தேதி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் ரிக் ஆன்கீல் பந்து எறிய வந்தார். வயது 21. அந்த ஆண்டின் அருமையான இளம் பிட்சர்களில் ஒருவர். பிளே ஆஃப் முதல் ஆட்டம், நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்க்கிறது. முதல் இரண்டு இன்னிங்ஸ் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவதில் ஒரு பந்து கேட்சரைத் தாண்டிப் பின்னால் போனது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒரே இன்னிங்ஸில் ஐந்து முறை! அதற்கு முன் இப்படி நடந்தது 1890-ல்தான். கையில் காயம் இல்லை, எலும்பு முறிவு இல்லை. பிறந்தது முதல் எறிந்து பழகிய கை, எறிவதையே மறந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அன்றைய ஆட்டத்தில் அவருடைய அணிதான் வென்றது. அட்டையில் பார்த்தால் வெற்றி. ஆனால் கேமரா பார்த்ததை ஆன்கீலால் மறக்க முடியவில்லை. பல ஆண்டுகள் போராடினார். 2005-ல் 'இனி பந்து எறியப்போவதில்லை' என்று முடிவு செய்தார். ஆனால் ஆட்டத்தை விடவில்லை! சிறிய அணிகளில் மட்டைக்காரராகப் புதிதாகப் பழகினார். 2007 ஆகஸ்ட் 9 அன்று அதே கார்டினல்ஸ் அணிக்கு மட்டையுடன் திரும்பி வந்து, வந்த முதல் ஆட்டத்திலேயே ஒரு ஹோம் ரன் அடித்தார். அடுத்த ஆண்டு 25 ஹோம் ரன்கள். தன் கதையைப் பின்னால் புத்தகமாகவும் எழுதினார்.

பெரிய வீரருக்கு இது நேராதா? நேர்ந்ததே! 2004-ல் நியூயார்க் யாங்கீஸ் அணி பாஸ்டனை முதல் மூன்று ஆட்டங்களிலும் வென்றுவிட்டது. நான்காவது ஆட்டத்தில், கடைசி இன்னிங்ஸில் 4-3 முன்னிலை. பந்து எறிய வந்தவர் மரியானோ ரிவேரா. ஆட்டத்தை முடித்து வைப்பதில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. அவர் ஒருவரை நடக்கவிட்டார். அவருக்குப் பதிலாக ஓட வந்த டேவ் ராபர்ட்ஸ், எல்லாரும் எதிர்பார்த்துக் காத்திருக்கும்போதே, பந்து எறியும் நேரத்தில் ஓடி மயிரிழையில் இரண்டாம் பேஸைப் பிடித்தார். அடுத்த வீரர் அடிக்க, ஆட்டம் சமம். 12-ஆவது இன்னிங்ஸில் பாஸ்டன் வென்றது. பிறகு ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது ஆட்டங்களும் பாஸ்டனுக்கே! இந்த 30 அணிகளின் பிளே ஆஃப் ஆட்டங்களில் 3-0 என்று பின்தங்கிய அணி தொடரை வென்றது அந்த ஒரு முறைதான். உலகத் தொடரையும் வென்று, 1918-க்குப் பிறகு கோப்பையைத் தூக்கினார்கள்.

2005 ஏப்ரலில் யாங்கீஸ் அணி மீண்டும் பாஸ்டனுக்கு ஆட வந்தது. ரிவேராவின் பெயரை வாசித்ததும், தங்களுக்கு உதவி செய்தவர் என்று கேலியாக, பாஸ்டன் ரசிகர்கள் எழுந்து நின்று பலமாகக் கைதட்டினார்கள். கேமரா அவர் முகத்துக்கு நெருங்கிப் போனது. ரிவேரா தொப்பியை எடுத்து அசைத்துச் சிரித்தார். நகைச்சுவையை நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டார். 2019-ல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தபோது, வாக்களித்த 425 பேரும் அவருக்கே வாக்களித்தார்கள். அதற்கு முன் யாருக்கும் அந்தப் பெருமை கிடைத்ததில்லை.

பக்னருக்கு அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 2008 ஏப்ரல் 8 அன்று, ஃபென்வே பார்க்கில் அந்த ஆண்டின் முதல் ஆட்டம். தொடக்கப் பந்தை எறிய பாஸ்டன் அணி அவரை அழைத்திருந்தது. பச்சைப் பூதம் இருக்கிற இடது பக்கத்திலிருந்து மைதானத்தின் நடுவே அவர் தனியாக நடந்து வந்தார். கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டல் ஓயவே இல்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பழைய தோழர் டுவைட் எவன்ஸை நோக்கிப் பந்தை எறிந்தார்.

ஆட்டத்துக்குப் பிறகு செய்தியாளர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மன்னிக்க வேண்டியிருந்தது பாஸ்டன் ரசிகர்களை அல்ல, தம்மையும் தம் குடும்பத்தையும் அந்தப் பாடு படுத்திய பத்திரிகை, தொலைக்காட்சிக்காரர்களைத்தான் என்று பக்னர் அவர்களிடமே சொன்னார். மன்னித்தாயிற்று, அதைக் கடந்தும் வந்துவிட்டேன் என்றார். அதையும் கேமராக்கள் படம் பிடித்துக்கொண்டன.